ஸ்டென்ட் எடுக்கும் தேதியைத் தமிழில் எழுதிக் கொடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் நாளிதழில் பித்தப்பைக் கல் பற்றி வந்த கேள்வி பதிலைப் படித்தேன். கல் ஏன் வருகிறது, எதைச் சாப்பிடலாம், எதைத் தவிர்க்க வேண்டும் என்றெல்லாம் நன்றாகவே சொல்லியிருந்தார்கள். ஆனால் அந்தக் கல் பையை விட்டு நழுவிப் பித்தக் குழாய்க்குள் இறங்கிவிட்டால் என்ன ஆகும், ஆஸ்பத்திரியில் அதை எப்படிக் கண்டுபிடிப்பார்கள், வீட்டுக்கு அனுப்பும்போது இன்னும் என்ன வேலை பாக்கி இருக்கும் என்று ஒரு வரிகூட இல்லை. நான் 32 வருஷம் அரசு மருத்துவமனைகளில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். அதில் பாதிக்கு மேல் அறுவை சிகிச்சை வார்டில்தான். சொந்த ஊர் வெள்ளக்கோவில் பக்கம். வேலை பார்த்த அனுபவத்துக்காக மட்டும் இதை எழுதவில்லை, என் பெரியக்காவுக்கு நடந்ததை நினைத்து எழுதுகிறேன். பித்தநீர் வடிவதற்காகக் குழாய்க்குள் வைத்து அனுப்புகிற ஸ்டென்ட் என்ற சின்ன பிளாஸ்டிக் ட்யூபை எடுக்க வேண்டும் என்பதே தெரியாமல் இருந்துவிட்டாள்.

அக்கா வீட்டில் மஞ்சள் விவசாயம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாசி மாதம், மஞ்சளை வெட்டி வேகவைத்துக் களத்தில் காயப்போட்டிருந்த சமயம். களத்திலேயே நிற்கிறவர்களுக்குக் கை, கால், சேலை எல்லாமே மஞ்சளாகத்தான் இருக்கும், நகக்கண்ணில் ஏறிய மஞ்சள் பங்குனி முடிகிற வரைக்கும் போகாது. அதனால் அக்காவின் உடம்பு மஞ்சளாகிக்கொண்டு வந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. ராத்திரியானால் உடம்பெல்லாம் அரித்தது, மஞ்சள் தூசி என்று தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டாள். நெஞ்சுக்குழிக்குக் கீழே வலித்தது, கேஸ் என்று சீரகத் தண்ணீர் குடித்தாள். சிறுநீர் வரக்காப்பி மாதிரி போனது, வெயில் சூடு என்று இளநீர் குடித்தாள். கடைசியில் பக்கத்துத் தோட்டத்துப் பெண் ஒருத்தி பேசிக்கொண்டிருந்தவள், வெளிச்சத்தில் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏனுங்கக்கா, கண்ணு முழியில வெள்ளையே காணோமுங்களே" என்று கேட்ட பிறகுதான் வீட்டில் இருந்தவர்களுக்கே தெரிந்தது.

அப்புறம் என்ன, மஞ்சள் காமாலை என்றதும் நம் பக்கம் வழக்கமாக நடப்பதுதான் நடந்தது. கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் காலையில் வெறும் வயிற்றில் கொடுத்தார்கள், உப்பில்லாப் பத்தியம் வைத்தார்கள், இப்படியே பத்து நாள் ஓடிவிட்டது. கீழாநெல்லியைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. வைரஸ் கிருமியால் ஈரல் வீங்கி வருகிற காமாலை பல பேருக்கு ஓய்வெடுத்தாலே தானாக இறங்கிவிடும், அந்த நேரத்தில் எதைக் குடித்திருந்தாலும் அதனால்தான் குணமானது என்று பேர் வந்துவிடுகிறது. குழாய் அடைத்து வருகிற காமாலை அந்த வகையில்லை. ஈரல் ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை பித்தநீர் சுரக்கிறது. அது பித்தக் குழாய் வழியாகக் குடலுக்குப் போய்ச் சேர வேண்டும். குழாயின் வாயில் ஒரு கல் வந்து உட்கார்ந்துவிட்டால் பித்தநீர் பின்வாங்கி ரத்தத்தில் கலக்கும். கண் மஞ்சளாகும், சிறுநீர் கறுக்கும், குடலுக்குப் பித்தநீர் போகாததால் மலம் களிமண் நிறத்தில் வெளுத்துப் போகும், தோல் அரிக்கும். வெளுத்த மலமும் அரிப்பும் சேர்ந்து வந்தால் அடைப்பு இருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். அந்தக் கல்லைக் கீழாநெல்லி தள்ளிவிடாது. வாழைத்தண்டுச் சாறும் தள்ளாது, அதைச் சிறுநீரகக் கல்லுக்குக் குடிக்கிறவர்கள் பித்தக் கல்லுக்கும் அதுதான் என்று நினைத்துக்கொள்கிறார்கள், இரண்டுக்கும் பாதையே வேறு. ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்து, மறுநாள் பச்சைப் பச்சையாக உருண்டைகள் விழுந்தன, கல் கரைந்துவிட்டது என்று சொல்கிறார்களே, அந்த உருண்டைகள் குடித்த எண்ணெய் வயிற்றுக்குள் சோப்புக் கட்டி போலத் திரண்டவை.

பதினோராம் நாள் ராத்திரி அக்காவுக்குக் குளிர் காய்ச்சல். சாதாரணக் குளிர் இல்லை, கட்டில் ஆடுகிற மாதிரி நடுக்கம், மூன்று கம்பளி போர்த்தியும் நிற்கவில்லை. வலது விலாவுக்குக் கீழே வலி, மஞ்சள் காமாலை, நடுக்கத்தோடு காய்ச்சல் இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் பித்தக் குழாயில் சீழ் பிடிக்கிறது என்று 1877லேயே ஷார்கோ என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இதோடு ஆள் உளற ஆரம்பித்தாலோ ரத்த அழுத்தம் விழுந்தாலோ ஒரு மணி நேரம்கூட வீட்டில் வைத்திருக்கக் கூடாது, 108ஐக் கூப்பிட்டுவிட வேண்டும். அக்கா மகன் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போய்விட்டான். நான் அப்போது மகளின் பிரசவத்துக்காகப் பெங்களூரில் இருந்தேன். ரிப்போர்ட்டை எல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பினான்.

அந்த ரிப்போர்ட்டில் இருந்ததைக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன், இதே தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருக்கிற குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ரத்தத்தில் பிலிருபின், அதாவது உடம்பை மஞ்சளாக்குகிற பொருள், 5.8, சாதாரணமாக 1க்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது. அதில் நேரடி வகை என்கிற பகுதிதான் அதிகம், அடைப்புக் காமாலைக்கு அது ஒரு அடையாளம். பித்தக் குழாய் அடைத்தால் ஏறுகிற ஆல்கலைன் பாஸ்பட்டேஸும் ஏறியிருந்தது. அல்ட்ராசவுண்டில் பித்தப்பை நிறையக் கற்கள், பித்தக் குழாய் 9 மில்லிமீட்டருக்கு விரிந்திருக்கிறது, கீழ் முனை வாயு மறைப்பதால் தெரியவில்லை என்று எழுதியிருந்தது. அக்கா மகன் போனில் கேட்டான், "குழாயில கல்லு இருக்குன்னு ஸ்கேன்ல போடலியே சின்னம்மா, அப்புறம் எதுக்கு அதை எடுக்கணும்கறாங்க?"

அவன் கேட்டது நியாயமான கேள்வி. பித்தப்பைக்குள் இருக்கிற கல்லை அல்ட்ராசவுண்ட் அனேகமாகத் தவற விடாது. குழாயில் இருக்கிற கல் விஷயத்தில் அப்படி நம்ப முடியாது, ஏனென்றால் குழாயின் கடைசிப் பகுதி குடலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது, குடலில் வாயு இருந்தால் படம் விழாது. பல ஆய்வுகளைச் சேர்த்து எடை போடுகிற காக்ரேன் அமைப்பு 2015இல் வெளியிட்ட தொகுப்பின்படி குழாயில் கல் உள்ள 100 பேரில் ஏறக்குறைய 73 பேருக்குத்தான் அல்ட்ராசவுண்ட் அதைப் பிடிக்கிறது. அதனால் ஸ்கேனில் கல் தெரியவில்லை என்பதை வைத்துக் கல் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. ரத்தப் பரிசோதனை, குழாயின் விரிவு, காய்ச்சல், வயது எல்லாவற்றையும் சேர்த்து வைத்துத்தான் சந்தேகம் எவ்வளவு பலமானது என்று மருத்துவர்கள் எடை போடுகிறார்கள். அமெரிக்க எண்டோஸ்கோப்பி மருத்துவர் சங்கம் 2019இல் கொடுத்த வழிகாட்டியில் பலமான சந்தேகம் என்று மூன்றைத்தான் வைத்திருக்கிறார்கள்: படத்திலேயே குழாயில் கல் தெரிவது, குழாயில் சீழ் பிடித்த அறிகுறி, பிலிருபின் 4க்கு மேலும் போய்க் குழாயும் விரிந்திருப்பது. 2010இல் வந்த பழைய வழிகாட்டியில் பிலிருபின் 4ஐத் தாண்டினாலே போதும் என்று இருந்தது, கல்லே இல்லாதவர்களுக்கும் எண்டோஸ்கோப் விட்டுப் பார்க்க வேண்டியதாகிறது என்பதால் அதை இறுக்கினார்கள். அக்காவுக்குக் காய்ச்சலும் இருந்தது, பிலிருபினும் ஏறியிருந்தது, குழாயும் விரிந்திருந்தது. அவளுக்கு மேற்கொண்டு ஸ்கேன் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால்தான் தப்பு. அந்த மருத்துவமனை அதைச் சரியாகவே செய்தது. நரம்பில் திரவமும் ஆண்டிபயாட்டிக்கும் ஏற்றி, ரத்தம் உறைய நேரமாகிறது என்று வைட்டமின் கே ஊசி போட்டு, மறுநாளே இ.ஆர்.சி.பி., அதாவது வாய் வழியாக எண்டோஸ்கோப் விட்டுப் பித்தக் குழாயைச் சரி செய்கிற சிகிச்சை, செய்தார்கள்.

எல்லோருக்கும் இந்த வேகம் தேவையில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நான் வார்டில் இருந்தபோது பல்லடம் பக்கத்திலிருந்து தறி ஓட்டுகிற தம்பி ஒருவர் வந்தார், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஒரு ராத்திரி கடுமையான வலி, காலையில் வலி இல்லை. பிலிருபின் 1.9, குழாய் 5 மில்லிமீட்டர்தான், விரியவில்லை, பையில் கடுகு மாதிரி பொடிக் கற்கள். கூட வந்த ஒறம்பரை ஏழெட்டுப் பேர், "இன்னைக்கே ட்யூப் விட்டு எடுத்துருங்க, எத்தனை நாளைக்கு இங்க படுத்திருக்கறது, தறி நிக்குது" என்று சத்தம் போட்டார்கள். எங்கள் சர்ஜன் அசையவில்லை. மறுநாள் பிலிருபின் 1.2க்கு இறங்கியது. எம்.ஆர்.சி.பி. என்கிற எம்.ஆர்.ஐ. படம் எடுத்தார்கள், குழாயில் ஒன்றும் இல்லை. பொடிக் கல் தானாக நழுவிக் குடலுக்குள் போயிருக்கிறது, அப்படிப் பல பேருக்கு நடக்கும். ஐந்தாம் நாள் லேப்ராஸ்கோப்பியில், அதாவது சின்னத் துளைகள் வழியாக, பித்தப்பையை மட்டும் எடுத்து அனுப்பினார்கள். அந்தத் தம்பிக்கு முதல் நாளே இ.ஆர்.சி.பி. செய்திருந்தால் இல்லாத கல்லைத் தேடி ஒரு ஆபத்தை விலைக்கு வாங்கியதாகியிருக்கும்.

ஆபத்து என்று ஏன் சொல்கிறேன் என்றால், இ.ஆர்.சி.பி. வெறும் ஸ்கேன் இல்லை. வாய் வழியாகப் பக்கவாட்டில் பார்க்கிற எண்டோஸ்கோப்பைச் சிறுகுடலின் தொடக்கம் வரை இறக்கி, பித்தக் குழாயின் வாய்க்குள் மெல்லிய கம்பியைச் செலுத்தி, சாய மருந்து விட்டு எக்ஸ்ரேயில் பார்த்து, அந்தக் குழாயின் வாயில் இருக்கிற தசை வளையத்தைச் சிறிது வெட்டி, பலூனாலோ கம்பிக் கூடையாலோ கல்லை இழுத்துக் குடலில் விடுகிறார்கள். வயிற்றைக் கிழித்து, குழாயைத் திறந்து, டி வடிவ ரப்பர் ட்யூப் வைத்துத் தைத்த காலத்தையும் நான் பார்த்தவள், அதனால் 1974இல் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் இப்படி வளையத்தை வெட்டுகிற முறையைத் தொடங்கியவர்களுக்குக் கை கூப்பத்தான் வேண்டும். ஆனால் கணையத்தின் குழாயும் பித்தக் குழாயும் அதே வாயில்தான் சேர்கின்றன. அந்த இடம் சீண்டப்படுவதால் 100 பேரில் ஏறக்குறைய 3லிருந்து 10 பேருக்குக் கணைய அழற்சி வருகிறது, சிலருக்கு ரத்தக் கசிவு, அபூர்வமாகக் குடலில் துளை. கணைய அழற்சியைக் குறைக்க 100 மில்லிகிராம் இண்டோமெதசினை ஆசனவாயில் வைக்கிறோம். 2012இல் வந்த ஒரு ஆய்வில், ஆபத்து அதிகம் உள்ளவர்களிடையே 16.9 சதவீதமாக இருந்தது இதனால் 9.2 ஆகக் குறைந்தது. அதை வைக்கப் போகும்போது முகம் சுளிக்காத ஆளை நான் பார்த்ததில்லை, என்ன ஏது என்று ஒரு நிமிஷம் சொல்லிவிட்டால் ஒருவரும் மறுத்ததும் இல்லை. இ.ஆர்.சி.பி. முடிந்த ராத்திரி மேல் வயிற்றிலிருந்து முதுகுக்கு ஊடுருவுகிற வலி வந்தால் வாயு என்று பொறுத்துக்கொண்டிருக்காமல் உடனே டியூட்டி சிஸ்டரைக் கூப்பிடுங்கள்.

நடுத்தரமான சந்தேகம் இருக்கிறவர்களுக்கு, அதாவது ரத்தப் பரிசோதனையில் ஈரல் கணக்கு கொஞ்சம் மாறியிருக்கிறது, அல்லது வயது 55க்கு மேல், அல்லது குழாய் மட்டும் விரிந்திருக்கிறது என்கிறவர்களுக்கு, முதலில் எம்.ஆர்.சி.பி. அல்லது எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட். முன்னது எம்.ஆர்.ஐ. மெஷினில் படுக்க வைத்து எடுக்கிற படம், ஊசியும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை, ஆனால் ரொம்பப் பொடிக் கல்லைத் தவற விடலாம். பின்னது எண்டோஸ்கோப் முனையிலேயே ஸ்கேன் கருவி வைத்துக் குடலுக்குள்ளிருந்து குழாயைப் பக்கத்தில் பார்ப்பது, பொடிக் கல்லையும் பிடிக்கும், மயக்க மருந்து வேண்டும். இரண்டும் 100க்கு 90க்கு மேல் சரியாகச் சொல்லக்கூடியவை. பையை எடுக்கும்போதே சாயம் விட்டு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிற சர்ஜன்களும் உண்டு. ஆகவே உங்கள் வீட்டு ஆளுக்குக் குழாயில் கல் இருக்கும் போலிருக்கிறது என்று சொன்னால், "சந்தேகம் பலமா, நடுத்தரமா? நேரா எடுக்கப் போறீங்களா, முதல்ல பார்க்கப் போறீங்களா?" என்று கேளுங்கள். நல்ல டாக்டர் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இப்போது அக்கா விஷயத்துக்கு வருகிறேன், நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். இ.ஆர்.சி.பி. முடிந்ததும் அக்கா மகன் கூப்பிட்டான். "ட்யூப் விட்டாச்சுங்க சின்னம்மா, நல்லாயிருச்சு, காச்சல் எறங்கிருச்சு" என்றான். கல்லை எடுக்க வாய் வழியாக விட்ட எண்டோஸ்கோப்பைச் சொல்கிறான் என்று நான் நினைத்துக்கொண்டேன். அவன் சொன்னதோ உள்ளே வைத்துவிட்டு வந்த ட்யூபை, அதாவது ஸ்டென்டை. சீழ் பிடித்த நேரத்தில் எல்லாக் கல்லையும் துருவி எடுப்பது நல்லதில்லை, பித்தநீர் வடிய வழி செய்துவிட்டு ஆள் தேறின பிறகு வரச் சொல்வார்கள், அதுவும் சரியான வைத்தியம்தான். ஏழெட்டு சென்டிமீட்டர் நீளம், பேனா ரீஃபிலை விடக் கொஞ்சம் தடிமன், பிளாஸ்டிக். ஆறு வாரம் கழித்து வந்து அதை எடுத்து, மீதிக் கல்லையும் எடுத்து, அப்புறம் பித்தப்பையை ஆபரேஷன் செய்ய வேண்டும் என்பது அவர்கள் திட்டம்.

ஆறு வாரம் என்று ஆங்கிலத்தில் டிஸ்சார்ஜ் தாளில் எழுதியிருந்தார்கள். எப்படித் தெரியுமா? 6/52 என்று. வருஷத்துக்கு 52 வாரம், அதில் 6 வாரம் என்று டாக்டர்களும் நாங்களும் எழுதிக்கொள்கிற சுருக்கெழுத்து அது. மூன்றாவது பக்கத்தில் மாத்திரைப் பட்டியலுக்குக் கீழே, ஸ்டென்ட் எடுக்க வரவும் என்பதற்குப் பக்கத்தில் அந்த எண். மாமா அதை வார்டு நம்பரும் கட்டில் நம்பரும் என்று நினைத்திருக்கிறார். மாத்திரையைத்தான் ஒன்று விடாமல் கொடுத்தார்கள். மாத்திரை தீர்ந்தது, மஞ்சள் இறங்கியது, அக்கா பழையபடி களத்துக்குப் போய்விட்டாள். தாளை மஞ்சப்பையில் சிட்டா அடங்கல் காகிதங்களோடு பத்திரமாக வைத்துவிட்டார்கள். பெங்களூரிலிருந்து வந்து நான் பார்த்தபோது, "கல்லை எடுத்தாச்சு அம்மிணி, இப்ப ஒண்ணுமில்ல" என்றாள். அந்தத் தாளைக் கொண்டா அக்கா என்று நான் கேட்டிருக்க வேண்டும். ஊரில் யார் வீட்டுத் தாளையெல்லாமோ வாங்கிப் படிக்கிறவள், அன்றைக்குக் கேட்கவில்லை. அது எனக்கு ஆறாத வருத்தம்.

பிளாஸ்டிக் ஸ்டென்ட் உள்ளேயே இருக்க வேண்டிய பொருள் இல்லை. கிருமிகள் அதன் உள்சுவரில் படலமாகப் படியும், அதன் மேல் பித்தச் சேறு சேரும், மூன்று மாதம் ஆனாலே அடைக்கத் தொடங்கும். அதனால்தான் அதற்குள் எடுக்க வேண்டும் அல்லது மாற்ற வேண்டும் என்கிறார்கள். அக்காவுக்கு அது பதினான்கு மாதம் உள்ளே கிடந்தது. அடுத்த வருஷம் சித்திரையில் அதே நடுக்கம், அதே காய்ச்சல், இந்தத் தடவை ரத்த அழுத்தமும் விழுந்தது. நான் பக்கத்தில் இருந்ததால் ராத்திரியோடு ராத்திரியாகத் திருப்பூர் கொண்டுபோய், அங்கிருந்து கோவைக்கு மாற்றினோம். நான்கு நாள் ஐ.சி.யு. ஸ்டென்டைச் சுற்றியே புதுசாகக் கல் கட்டியிருந்தது. எடுத்த பிறகு ஒரு ட்ரேயில் வைத்துக் காட்டினார்கள். வைக்கும்போது நீல நிறமாக இருந்திருக்கும், இப்போது கரி பிடித்த புகைக் குழாய் மாதிரி, ஒரு முனையில் பழுப்பு நிறத்தில் புளியங்கொட்டை அளவுக்குக் கல் ஒட்டிக்கொண்டிருந்தது. துளை வழியாக ஊசிகூடப் போகாது. மாமா அந்த ட்ரேயையே பார்த்துக்கொண்டு நின்றார், ஒரு வார்த்தை பேசவில்லை.

அதே தடவையில் பித்தப்பையையும் எடுத்துவிட்டார்கள், அதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். குழாயிலிருந்து கல்லை எடுத்ததும் வலி போய்விடுவதால் பையை எடுக்காமல் விட்டுவிடுகிறவர்கள் நம் பக்கம் ஏராளம். ஆடி கழியட்டும், பொண்ணு கல்யாணம் முடியட்டும், வெள்ளாமை வீடு வந்து சேரட்டும் என்று தள்ளிப் போடுகிறார்கள். கல் உற்பத்தியாகிற பை அப்படியே இருக்கும்போது குழாயை மட்டும் கூட்டிப் பெருக்கி என்ன பிரயோஜனம்? நெதர்லாந்தில் 2002இல் ஒரு ஆய்வு வெளியானது. குழாயைச் சுத்தம் செய்த பிறகு பையை விட்டுவிட்டவர்களில் 47 சதவீதம் பேருக்கு இரண்டு வருஷத்துக்குள் தொந்தரவு திரும்பி வந்தது, பையை எடுத்தவர்களில் 2 சதவீதம் பேருக்குத்தான். உடம்பு தாங்குகிறவர்களுக்கு, முடிந்தால் இரண்டு வாரத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்பதுதான் இப்போதைய வழக்கம். பித்தப்பை இல்லாவிட்டால் சாப்பாடு செரிக்காது என்ற பயம் வேண்டாம், ஈரல் பித்தநீரைச் சுரந்துகொண்டேதான் இருக்கும். அக்கா இப்போது கொள்ளுப்பருப்பும் அரிசிம்பருப்புச் சாதமும் நெய் விட்டே சாப்பிடுகிறாள்.

நம் பகுதியில் வைத்தியத்துக்குக் குறைவில்லை. லேப்ராஸ்கோப்பியில் டாக்டர் சி. பழனிவேலு போன்றவர்களால் வெளிநாட்டு சர்ஜன்களே வந்து கற்றுக்கொண்டு போகிற ஊர் கோவை. பெருந்துறையிலும் சேலத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 2022 ஜனவரியில் திருப்பூருக்கும் நாமக்கல்லுக்கும் வந்துவிட்டது. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையும் பல வீட்டில் இருக்கிறது, ஸ்டென்டை எடுக்க இரண்டாவது தடவை வரும்போது அனுமதி எப்படி என்று காப்பீட்டு மேஜையில் முதல் தடவையே கேட்டு வைத்துக்கொண்டால் அலைச்சல் குறையும். இவ்வளவு இருந்தும் என் அக்கா ஐ.சி.யு. வரைக்கும் போனது ஒரு வரியைத் தமிழில் எழுதாததால்தான். வைத்தியம் பார்த்தவர்கள் கெட்டிக்காரர்கள், முதல் ராத்திரி அவள் உயிரைக் காப்பாற்றியவர்களும் அவர்கள்தான், அதை நான் மறக்கவில்லை. ஆனால் உள்ளே ஒரு பொருளை வைத்து அனுப்புகிறவர்கள், அதை வைத்திருக்கிறோம் என்று அந்த ஆளுக்குப் புரிகிற பாஷையில் சொல்லி அனுப்பக் கடமைப்பட்டவர்கள். டிஸ்சார்ஜ் அன்றைக்கு வார்டில் இருக்கிற நெருக்கடி எனக்குத் தெரியாததில்லை, ஒரே நேரத்தில் ஆறு பேர் கிளம்புவார்கள், பில் வரவில்லை, வண்டி காத்திருக்கிறது என்று ஆளாளுக்குப் பறப்பார்கள். அந்த நேரத்தில் காதில் சொன்னது நிற்காது. அதனால்தான் எழுதித் தாருங்கள் என்கிறேன்.

இ.ஆர்.சி.பி. செய்கிற ஒவ்வொரு மருத்துவமனையும், அரசு என்றாலும் தனியார் என்றாலும், டிஸ்சார்ஜ் தாளின் முதல் பக்கத்திலேயே, பெரிய எழுத்தில், தமிழில், "உங்கள் பித்தக் குழாயில் பிளாஸ்டிக் ஸ்டென்ட் வைக்கப்பட்டுள்ளது, இந்தத் தேதிக்குள் எடுக்க வேண்டும்" என்று நாள், மாதம், வருஷம் போட்டு எழுத வேண்டும். ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து வைத்துக்கொண்டால் போதும். வைத்த ஸ்டென்டுக்கெல்லாம் ஒரு ரிஜிஸ்டர் போட்டு, தேதி தாண்டியவர்களைப் போனில் கூப்பிட வேண்டும். தடுப்பூசிக்குத் தேதி தவறினால் கிராம செவிலியர் வீடு தேடி வருகிறாரே, அதே மாதிரி. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொண்டு வருகிற பெண்கள் நம் ஊர்களில் வீடு வீடாகப் போகிறார்கள். "வயித்துல ஸ்டென்ட் ஏதாவது வெச்சிருக்காங்களா பாட்டி?" என்று அவர்கள் ஒரு கேள்வி சேர்த்துக் கேட்டால் போதும், எத்தனையோ மஞ்சப்பைகளிலிருந்து தாள்கள் வெளியே வரும். சுகாதாரத் துறை அதிகாரிகள் உங்கள் நாளிதழைப் படிக்கிறார்கள் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.

வாசகர்களும் இன்றைக்கே வீட்டில் கேட்டுப் பாருங்கள். இதற்கு முன்னால் யாருக்காவது காமாலைக்கு ட்யூப் விட்டார்களா, ட்யூப் வைத்தார்களா? விட்டதா வைத்ததா என்று தெரியாவிட்டால் பழைய தாளை எடுத்துக்கொண்டு பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போய்க் காட்டுங்கள், ஒரு எக்ஸ்ரே எடுத்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

கோவையில் அக்கா ஐ.சி.யு.விலிருந்து வார்டுக்கு மாறிய அன்று, பக்கத்துக் கட்டிலில் தாராபுரத்து அம்மா ஒருவர் டிஸ்சார்ஜ் ஆகி, பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் நர்ஸ் என்று தெரிந்ததும் கையில் இருந்த தாளை நீட்டி, "இதுல என்னமோ போட்டிருக்காங்க, என்னன்னு பாருங்க கண்ணு" என்றார். பிரித்துப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில், மாத்திரைப் பட்டியலுக்குக் கீழே, ஸ்டென்ட், 6/52. வராந்தாவில் தொங்கிய தினசரிக் காலண்டரைப் புரட்டி வாரத்தை எண்ணினேன், ஆனி மாதம் ஒரு வியாழக்கிழமை வந்தது. தாளின் தலைப்பில் தமிழில் கொட்டை எழுத்தில் அந்தத் தேதியை எழுதி, அவர் மகனைக் கூப்பிட்டுப் போனிலும் ஏற்றிவைக்கச் சொன்னேன். அந்த அம்மா தன் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, "உள்ள ஒண்ணு வெச்சிருக்காங்களா? எங்கிட்ட யாரும் சொல்லவே இல்லீங்களே" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்,
வெள்ளக்கோவில் வட்டாரம், திருப்பூர் மாவட்டம்.